ஆள் நிற்கவில்லை என்று புலம்பும் கும்பகோணம் கடை முதலாளிகளுக்கு

அன்புள்ள முதலாளிகளுக்கு வணக்கம்.

நான் ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவன். சம்பளப் பட்டியலும் என் கையில்தான் இருந்தது. 2028-ல் மகாமகம் வருகிறது, கடைத்தெரு தாங்காது. நீங்களோ, "ஆளே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் திருப்பூருக்கு ஓடிவிடுகிறார்கள்" என்கிறீர்கள். திருப்பூரைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் கடையில் ஒருவர் சேரும் முதல் நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களிடம் சேர்ந்தான். காலையில் பெரிய முதலாளி சேலைப் பிரிவில் நிற்கச் சொன்னார். பதினொரு மணிக்குச் சின்ன முதலாளி வந்து குடோனுக்கு அனுப்பினார். மத்தியானம் மேனேஜர், "சேலையை விட்டுவிட்டு எங்கேடா போனாய்?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "முதலில் வேலையைப் பார், அப்புறம் பேசலாம்." தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் வரவில்லை. அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன். அந்த வருடம் அப்படி ஒன்பது கோடுகள்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். என்ன வேலை, யார் சொல்வதைக் கேட்க வேண்டும், எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில், வார விடுமுறை எது என்று எழுதிச் சேரும் அன்றே கையில் கொடுங்கள். "யார் சொல்வதை" என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பத்துப் பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. பத்தாயிரம் சம்பளத்துக்கு நீங்கள் கட்டுவது 325 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அட்வான்ஸ் கேட்டு உங்கள் முன்னால் கைகட்டி நிற்பவரின் பாதிக் கதை அதிலேயே தீரும். இருபது பேரானால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியும் வரும். அதற்குப் பயந்து பட்டியலைப் பத்தொன்பதிலேயே நிறுத்தச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. சரி, ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். பல கடைகளில் அதில் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், தை, மாசியில் சம்பா அறுப்பு. பாதிப் பேர் வீட்டில் அரைக்காணி நிலமாவது இருக்கும், லீவு கேட்கத்தான் செய்வார்கள். மார்கழியிலேயே கூப்பிட்டு யாருக்கு எந்த வாரம் என்று முறை வைத்துவிட்டால், பொய்யாகப் பாட்டியைச் சாகடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

அந்தத் தாளை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், கடைக்கே வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை