படுத்த மாட்டுக்குப் புகட்டாதே

அன்புள்ள மகளுக்கு,

செவலை அடுத்த வாரம் ஈன்றுவிடும், கால்சியம் மருந்து வாங்கி வைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்றாய். அந்தக் 'கவலையில்லை'தான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

மூன்றாம் ஈற்று, நல்ல கறவை. ஈன்றதும் இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாட்டைப் படுக்க வைக்கும் பால் காய்ச்சல் இப்படிப்பட்ட மாட்டைத்தான் தேடி வரும். பெயரைக் கேட்டு உடம்பு சுடும் என்று எண்ணிவிடாதே. காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். யார் வைத்த பெயரோ! ஒரு லிட்டர் சீம்பாலோடு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போய்விடுகிறது. இரத்தத்தில் ஒரு வேளையில் இருப்பதே 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதுவரை தாங்கத்தான் வாய்வழி மருந்து: ஈன்றவுடன் ஒரு முறை, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை. அளவை மீறாதே, மருந்தில் கால்சியம் குளோரைடு இருந்தால் அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும்.

இவையெல்லாம் நிற்கிற மாட்டுக்கு.

நீ பள்ளியில் படித்தபோது நம் கறுப்பு மாடு இறந்ததே, நினைவிருக்கிறதா? பால் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துக் கிடந்தது. மருத்துவர் வரும்வரை சும்மா இருக்க மனம் வரவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு பாட்டில் மருந்தை ஊற்றினேன். விழுங்கும் தெம்பு அதற்கு ஏது? புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. மருத்துவர் இரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றியதும் எழுந்து நின்றது; எனக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. நான்காம் நாள் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தது. உன் அம்மாவுக்குக்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஆகவே, படுத்துவிட்டால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டையை அண்டை கொடுத்துவிட்டுக் காத்திரு. ஊசியும் உன் வேலையன்று. வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும்.

நிற்கும் மாட்டுக்குப் புகட்டும்போதும் மூக்கு கண்மட்டத்துக்கு மேல் போக வேண்டாம். நாக்கைப் பிடித்து இழுக்காதே. இருமினால் உடனே தலையை விட்டுவிடு.

இன்னொன்று. ஊட்டமாக இருக்கட்டும் என்று இப்போதே கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கிறாயா? நிறுத்து. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கம் உடம்புக்கு விட்டுப்போகும். மெக்னீசியம் அப்படியன்று, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள உடம்பில் சேமிப்பு இல்லை, தினமும் தீவனத்தில் சேர வேண்டும். கசக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நன்றாகக் கலந்து வை. தாது உப்புக் கலவை இரண்டு வகை வைத்திருப்பதாகச் சொன்னாயே, இரண்டிலும் செலினியமும் செம்பும் இருக்கிறதா என்று பார். அவை அளவு மீறினால் நஞ்சு. ஒன்று போதும்.

மருத்துவரின் எண்ணைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வை. நள்ளிரவானாலும் முதலில் அவரைக் கூப்பிடு, பிறகு என்னை.

அன்புடன்,
அப்பா