டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்

தர்மபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாதேஷ்,

நலம். அமெரிக்காவிலிருந்து வந்ததும் பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்க டிவி பார்க்கிறாயாம், தங்கச்சி போனில் புலம்பினாள். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. புளி இந்த வருஷம் நல்ல காய்ப்பு, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

கண் பார்வை இல்லாத நம்ம மலர் பி.எட். முடித்துவிட்டாள் அல்லவா, ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போன வாரம் கடைசி நாள். பென்னாகரம் தாண்டி அவர்கள் ஊரில் சிக்னல் மரத்தடிக்கு மரத்தடி மாறும். அதனால் டவுனுக்கு வந்தாள். இங்கே ஒரு பொது இடத்தில் ‘அனைவருக்கும் இலவச வைஃபை’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். படித்துச் சொன்னேன். என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, “வேண்டாம் மாமா, அனைவருக்கும்னுதானே போட்டிருக்கு, நானே பார்க்கிறேன்” என்றாள்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் குரலை எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். லாகின் பக்கம் திறந்தது. மேலே விளம்பரப் படம். போன் ‘இமேஜ்’ என்றது. விரலைக் கீழே நகர்த்தினாள், ‘எடிட் பாக்ஸ்’. பெயரைப் போட வேண்டுமா, எண்ணைப் போட வேண்டுமா, சொல்லவில்லை. அதற்குக் கீழே ‘பட்டன்’. அதற்கும் கீழே இன்னொரு ‘பட்டன்’. எண்ணை அடித்து முதல் பட்டனைத் தட்டினால் ஏதோ நகைக்கடை விளம்பரம் திறந்தது. இரண்டாவதைத் தட்டியதும் ஓடிபி வந்தது. ஆனால் அதைக் கேட்க மெசேஜுக்குப் போனதும் லாகின் ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. திரும்பவும் முதலிலிருந்து. கண் தெரிந்த நமக்கு ஓடிபி திரையின் மேலே ஒரு நொடி மின்னினால் போதும். அவள் அதைக் காதால் கேட்டு, மனப்பாடம் செய்து, திரும்பி வந்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

கடைசியில் என் ஹாட்ஸ்பாட்டில்தான் விண்ணப்பித்தோம். அங்கேயும் கேப்சா என்று கோணல்மாணலாக எழுத்துப் படம் ஒன்று. காதால் கேட்க வழியே வைக்கவில்லை. நான்தான் படித்துச் சொன்னேன். “பி.எட். நான் படிச்சேன், இதை மட்டும் நீங்க படிச்சுச் சொல்லணுமா மாமா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அறிவிப்பைப் படிப்போம் என்று பிடிஎஃப்பைத் திறந்தால் பழைய வானவில் எழுத்துருவில் அடித்தது. சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளாகப் போன் உளறியது. எந்தப் போனும் தமிழாகவே படிக்கிற பொது முறையான யூனிகோடுதான் என்று தமிழக அரசு 2010இலேயே ஆணை போட்டாகிவிட்டது!

ஓடிபி எதற்கு என்று உனக்குத் தெரியும். 2008 குண்டுவெடிப்பு நேரத்தில் யாரோ ஒருவருடைய பூட்டாத வைஃபையைப் பிடித்து மிரட்டல் மின்னஞ்சல் போனது. அதற்குப் பிறகு, பொது வைஃபையில் இணைகிறவர் யார் என்று தெரிய வேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவு. அதை நிறைவேற்றும் பக்கத்தைக் கட்டினவர்களுக்குத்தான் மலர் மாதிரி ஒருத்தி வந்து உட்காருவாள் என்ற நினைப்பே இல்லை.

நம்ம எஸ்.டி.டி. பூத் அண்ணனை நினைத்துப் பார். விரலாலேயே எண்ணைச் சுழற்றி, மீட்டர் ஓடும் சத்தத்தை வைத்துக் காசு கேட்பாரே, நீ பழைய எட்டணாவைத் தள்ளப் பார்த்து மாட்டிக்கொண்டாயே. அந்த பூத்துகளை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்துத்தான் ஒதுக்கினார்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபைத் திட்டம் அந்த பூத்தின் பேரன்தான். டீக்கடை, பெட்டிக்கடை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் கட்டாமல் வைஃபை கொடுக்கலாம். அருமையான திட்டம், நம்ம பக்கத்து மலைக் கிராமங்களுக்கு இதைவிட வேண்டியது வேறில்லை. ஆனால் அன்றைக்கு பூத்தையே நடத்திய மனிதர் இன்றைக்கு அந்த வைஃபையில் உள்ளே நுழையவே பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கும் என்றால் எப்படி?

நீ நியூயார்க்கில் ஒரு தெருமுனைக் கம்பத்தோடு நின்று போட்டோ அனுப்பினாயே, இலவச வைஃபை தரும் லிங்க் என்ஒய்சி. பழைய போன் பூத்துகளை எடுத்துவிட்டு 2016இல் வைக்க ஆரம்பித்தது. அதே வருஷம் பார்வையற்றோர் சங்கம் நகராட்சி மேலேயே வழக்குப் போட்டது, ‘இந்தத் திரை எங்களோடு பேசவில்லை’ என்று. சமரசத்தில் முடிந்தது. பணக்கார ஊரிலேயே வைத்த பிறகுதான் யோசித்திருக்கிறார்கள். அப்புறம் 2024 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு, உள்ளாட்சி இணையதளங்களும் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 தரத்தில் இருக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்தது. 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு முதல் கெடு. அந்தக் கணக்கில் நம்ம தர்மபுரியும் முதல் வரிசையில் வந்துவிடும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மின்னணுத் தகவலும் சேவையும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. ஆனால் 2017 விதிகளில் 15ஆவது விதி, தரங்களை வெறும் பரிந்துரை போல ஆக்கிவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு. ஆளை அடையாளம் சரிபார்க்கும் ஆன்லைன் கேஒய்சியில் ‘கண்ணைச் சிமிட்டு’ என்கிறார்களே, ஆசிட் வீச்சில் கண் இழந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அந்த வழக்கில்தான், டிஜிட்டல் சேவை கிடைப்பது வாழும் உரிமையிலேயே அடங்கியது என்று சொல்லி 20 உத்தரவுகளைப் போட்டது. தீர்ப்பு சொன்ன இருவரில் ஒருவர் நம்ம மாநிலத்து நீதிபதி மகாதேவன்.

டெல்லியில் தீர்ப்பு வந்தாலும் நம்ம ஊரில் டெண்டர் எழுதுகிறவர் மேசைக்கு அது வந்து சேர வேண்டும். நீ நகராட்சியில் இருந்தபோது சொல்வாயே, கட்டடம் முடிந்த பிறகு சாய்வுப்பாதை கேட்டால் படிக்கட்டு மேலேயே சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போவான் என்று. இதுவும் அப்படியே. டெண்டர் ஷரத்தில் இல்லாததை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார், கேட்கவும் முடியாது. அதனால் ஒரே ஒரு ஷரத்துக்காக மனு எழுதியிருக்கிறேன். நகராட்சி வைஃபை ஆகட்டும், வரி கட்டும் இணையதளம் ஆகட்டும், பார்வையற்ற ஒருவர் துணையில்லாமல் டாக்பேக்கோடு முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைனல் பில் பாஸ் ஆக வேண்டும். அவ்வளவுதான். ஓடிபிக்குப் போதிய நேரம், பட்டனுக்குப் பெயர், யூனிகோடு பிடிஎஃப் எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காகத் தானாக வந்துவிடும். உங்க அப்பா மாதிரி கை நடுங்குகிறவர்களுக்கும் அது உதவும்.

அதைச் சோதித்துப் பார்க்கிறவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று மலர் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன். இலவசமாக அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் சரிதான்.

மனு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நாளை விட்டு அடுத்த திங்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மலரே கொடுக்கிறாள், நான் கூடப் போகிறேன். டெண்டர் மொழி உனக்குத்தான் தெரியும். இரண்டாம் பக்கத்தில் பில் பற்றிய பத்தியை ஆபீஸில் யாரும் தட்டிக்கழிக்க முடியாத மாதிரி திருத்தி, சனிக்கிழமைக்குள் அனுப்பு. ஓசூர் மாநகராட்சியில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு நகலைக் கொடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முனியப்பன்