அம்மா அழித்த மின்னஞ்சல் உங்களுடையதுதானாம்

வங்கி, காப்புறுதி நிறுவனங்களின் வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவினருக்கு,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு 555 குறிப்பேடு தொங்குகிறது. அதன் அட்டையில் அம்மா பெரிதாக 997 என்று எழுதி வைத்திருக்கிறார். மோசடியில் சிக்கினால் அழைக்க வேண்டிய எண்; 2022-இல் தேசிய மோசடி நடவடிக்கை மையம் தொடங்கியபோது எழுதியது. உள்ளே, நீங்கள் ஓயாமல் சொல்லும் பாடங்கள்: அவசரப்படுத்தினால் நம்பாதே, பெயர் இல்லாத கடிதத்தை நம்பாதே, தெரியாத இணைப்பை அழுத்தாதே.

சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே, 48 மணி நேரத்திற்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் காப்புறுதி முடக்கப்படும்." கீழே ஒரு நீலப் பொத்தான். இணைப்பு முகவரியின் தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயர். முடிவில், 'டாட் காம்' என்பதற்குச் சற்று முன்னால், கேள்விப்படாத வேறொரு பெயர். முகவரிக்கு உரியவர் யார் என்பதை அந்தக் கடைசிப் பெயர்தான் சொல்லும் என்று அம்மாவுக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். 71 வயதில் அதைச் சரியாகப் படித்து, "கள்ளன்" என்று சொல்லி அழித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து உங்களில் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு. "சரிபார்ப்புக்காக அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள்" என்று மலாயில் கேட்டார் அதிகாரி. "முதலில் நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்" என்று சொல்லி அம்மா அழைப்பைத் துண்டித்தார். மறுநாள் கிளை அலுவலகத்திற்கு நேரில் போய்க் கேட்டேன். மின்னஞ்சலும் உண்மை, அழைப்பும் உண்மை! முகப்பில் இருந்த பெண், பாவம், "நிறைய பேர் இப்படித்தான் வந்து கேட்கிறார்கள்" என்றார்.

யார் எப்போது அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித்தரும் நிறுவனங்கள் இணைப்பைத் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடுகின்றன. அந்தக் கேள்விப்படாத பெயர் அப்படி வந்ததுதான். அந்த எண்ணிக்கை உங்களுக்கு வேண்டுமென்றால், அந்த இணைப்பை உங்கள் சொந்த முகவரியின் கிளைப்பெயரிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைப்பே எதற்கு? "வழக்கமாக நுழையும் செயலியில் பாருங்கள்" என்ற ஒரு வரி போதாதா? 2023-இல் இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. நாம் யாரும் செத்துப்போகவில்லை.

பிரீமியத்தை மாதம் தவறாமல் கழிக்கும்போது தெரிகிற பெயர், கடிதம் எழுதும்போது மட்டும் 'வாடிக்கையாளர்' ஆகிவிடுவதையும் மாற்றுங்கள். அழைத்தால், உங்கள் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு எங்களைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். அதில் எடுப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

விவரங்களை முகப்பிலேயே புதுப்பித்துவிட்டேன். அந்த மின்னஞ்சல் அம்மாவின் குப்பைப் பெட்டியில்தான் கிடக்கிறது. மீட்டெடுக்க அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு வாடிக்கையாளர்