அம்சோல்டிங்கன் தேவாலயத்துக்குத் தமிழில் ஒரு விளக்கத்தாள் கோரி மனு

அனுப்புநர்:
தூண் (Thun) நகர் வாழ் தமிழ்ப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
நினைவுச்சின்னப் பாதுகாப்புப் பிரிவு,
பேர்ண் மாநிலம், சுவிட்சர்லாந்து

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

பொருள்: அம்சோல்டிங்கன் தேவாலயத்தின் வரலாற்றையும் கட்டடக்கலையையும் விளக்கும் தமிழ் விளக்கத்தாள்

நாங்கள் தூண் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் இலங்கைத் தமிழர்கள். 1983க்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். எங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து டொச் (ஜெர்மன்) மொழியில் படிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும்.

சென்ற கோடையில் என் தாயாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அம்சோல்டிங்கன் போனேன். சின்ன ஊர். வயலும் ஏரியும் தாண்டிப் போனால், ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கல் கோவில் ஒன்று நிற்கிறது. இவ்வளவு பெரியது இங்கே ஏன் என்று அம்மா கேட்டார். புனித மொரீசியசுக்கான இந்தத் தேவாலயம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. குருமார் சபை ஒன்று 1484 வரை இங்கே இருந்தது, அதன் பிறகுதான் அதை பேர்ண் நகரப் பெருங்கோவிலின் சபையோடு இணைத்தார்கள். இதையெல்லாம் நான் பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

உள்ளே மகள் டொச் குறிப்பை வாசித்து, வரிக்கு வரி அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். நடுக்கூடமும் இரு பக்கக் கூடங்களுமாக மூன்று. பிரிப்பவை உருண்டைத் தூண்கள் அல்ல, சதுரமான கட்டுத்தூண்கள். கிழக்கே மூன்று அரைவட்ட முடிவுகள். இதுவரை ஒருவாறு சமாளித்தாள். பலிபீடம் இருக்கும் மேடைக்குக் கீழே உள்ள நிலவறைக்கு வந்ததும் தடுமாறி, "கீழ்வீடு" என்றாள். அம்மா தலையாட்டினார், ஆனால் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேல் இவ்வளவு சுமையை ஏற்றக் கூடாது.

எங்களை இந்த மனு எழுத வைத்தது அந்த நிலவறையோடு சேர்ந்த கதைதான். தேவாலயத்தைக் கட்டியவர்கள் பழைய ரோமானியக் கற்களையும் எடுத்து இங்கே பயன்படுத்தினார்கள். அவை இன்றைய அவாஞ்ச் ஊர்ப் பக்கமிருந்து, அதாவது ரோமர் காலத்து அவெந்திகும் நகரிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்று கல்லறைக் கல். கமில்லியுஸ் பொலினிகேஸ் என்ற பொற்கொல்லருக்கும், அதே தொழில் செய்த அவர் மகன் பவுலுசுக்கும் உரியது. பிறப்பால் அவர் லீடியா நாட்டவர், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர். தச்சர் சங்கத்தில் உறுப்பினராகி, அங்கே எல்லாப் பதவி மரியாதைகளும் பெற்றவர் என்று அந்தக் கல் சொல்கிறது.

இதைக் கேட்டதும் அம்மா, "பிள்ளை, அப்ப இது எங்கட மாதிரி வந்த ஒரு பத்தரின்ட கல்லோ?" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அதைப் பற்றித்தான். தூர தேசத்திலிருந்து வந்து, கைத்தொழிலால் பேர் எடுத்து, மகனுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த ஒருவரின் பெயர் ஒரு மலைநாட்டுக் கிராமத்துக் கோவிலில் இத்தனை காலம் கிடந்திருக்கிறது. இதை எங்கள் பெரியவர்கள் தங்கள் மொழியில் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

எங்கள் கோரிக்கை பெரியது அல்ல. இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ் விளக்கத்தாள் அச்சிட்டுத் தேவாலய வாசலில் வைக்க அனுமதியும் உதவியும் வேண்டும். மொழிபெயர்ப்பை நாங்களே சம்பளமின்றிச் செய்து தருகிறோம். உங்கள் நிபுணர் ஒருவர் தகவல்களைச் சரிபார்த்துத் தந்தால் போதும். கட்டடக்கலைச் சொற்களுக்குத் தமிழ் தடையாக இருக்காது. அரைவட்டப் பின்புறம் கொண்ட கட்டடத்தைத் தூங்கானை மாடம் என்று எங்கள் மொழி எப்போதோ பெயரிட்டு வைத்திருக்கிறது. வெளிச்சுவரில் மெல்லிய கல்பட்டைகளும் அவற்றை இணைக்கும் குட்டி வளைவுகளும் வரும் லொம்பார்டியப் பாணியைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும். ஆரம்பகால ரோமனெஸ்க் (ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியக் கட்டடப் பாணி) கட்டடத்தை அடையாளம் காண அதைவிட எளிதான வழி இல்லை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் ஸ்பீட்ஸ் கோட்டைத் தேவாலயத்திலும் பிள்ளைகள் தாங்களே அதைத் தேடிப் பிடிப்பார்கள். அந்தத் தேவாலயமும் ஏறத்தாழ இதே வயதுதான்.

பொற்கொல்லரின் கல்லுக்கு அந்தத் தாளில் குறைந்தது அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டும். இதில் மட்டும் நாங்கள் உறுதியாக நிற்கிறோம்.

செப்டம்பரில் வரும் ஐரோப்பிய மரபுச் சின்ன நாட்களில் ஒரு மணி நேரம் தமிழில் சுற்றிக்காட்டவும் இடம் தந்தால் மிக்க நன்றி. இதற்கு எங்களில் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி கிடைத்தால், தப்பும் தவறுமாக எதையும் சொல்ல மாட்டார்கள்.

முன்பு இது பற்றி வேறொரு அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் வரவில்லை. உரிய இடம் உங்கள் பிரிவுதான் என்று இப்போது அறிந்து அனுப்புகிறோம். நேரில் வரச் சொன்னால் எந்த வேலைநாளிலும் வரத் தயார்.

நன்றி.

இப்படிக்கு,
தூண் வாழ் தமிழ்ப் பெற்றோர்

இணைப்பு: இம்மனுவின் டொச் மொழிபெயர்ப்பு, தமிழ் விளக்கத்தாளின் மாதிரி வரைவு, இரண்டு பக்கம்