15 மணி நேரம் காட்டிவிட்டு 5 மணி நேரத்தில் நின்ற உங்கள் ரெக்கார்டர்

வணக்கம்.

ரிச்சி தெருவில் வாங்கிய உங்கள் நாலு மைக் ரெக்கார்டரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் மெமரி கார்டின் மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். அதனால் இந்தத் தடவை கணக்கோடு வருகிறேன்.

எனக்குக் காசிமேடு. போன மாதம் என் பெரியப்பாவின் பதினாறாம் நாளுக்கு முந்தின ராத்திரி தெருவில் ஷாமியானா போட்டு கானா வைத்திருந்தோம். பாட்டுக்கு ஒரு மைக், கூடப் பாடுகிறவர்களுக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று என்று நாலையும் மாட்டி, 32 ஜிபி கார்டைப் போட்டு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (ஒலியைச் சுருக்காமல் எழுதும் ஃபைல்) என்று வைத்துப் பட்டனை அமுக்கினபோது மணி பத்தாகப் பத்து நிமிஷம். திரையில் மீதி நேரம் 15 மணி 25 நிமிஷம் என்று காட்டியது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 500 மணி நேரம் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். சரி, விடிய விடியத் தாங்கும் என்று நம்பி, டீ குடிக்க எழுந்தபோதுகூட நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்பு விளக்கு அணைந்தது. கார்டு நிறைந்துவிட்டதாம். அப்போதுதான் எழுபது தாண்டின எங்கள் தெரு தாத்தா, பெரியப்பாவின் பேரையும் அவர் படகையும் அவர் வலை பின்னிக்கொண்டு உட்காரும் திண்ணையையும் வைத்து அங்கேயே கட்டின பாட்டை எடுத்திருந்தார். அது எந்த நோட்டிலும் கிடையாது. இன்னொரு தடவை பாடச் சொன்னால், "அது அன்னிக்கு வந்ததுப்பா" என்கிறார்.

இப்போது கணக்கு. ஒரு டிராக்குக்கு நொடிக்கு 96,000 சாம்பிள் (ஒலியை அளந்து எழுதும் எண்), 24 பிட் என்றால் சாம்பிளுக்கு 3 பைட், ஆக 2,88,000 பைட். உங்கள் கருவி நாலு மைக்கையும் தனித்தனியாக எழுதி, அதோடு நாலையும் கலந்த ஒரு ஸ்டீரியோ மிக்ஸையும் (இடது, வலது என்று 2 டிராக்) சேர்த்து எழுதுகிறது, மொத்தம் 6 டிராக். நொடிக்கு 17,28,000 பைட், நிமிஷத்துக்குச் சுமார் 104 எம்பி, மணிக்கு 6 ஜிபிக்கு மேல். 32 ஜிபி ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும், தீர்ந்தும் போனது. திரை காட்டின 15 மணி நேரம் ஸ்டீரியோவின் 2 டிராக்குக்கு மட்டும் போட்ட கணக்கு. நாலு மைக்கை ஆன் செய்தாலும் உங்கள் சாஃப்ட்வேர் அதைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. பெட்டியில் இருக்கும் 500 மணியோ, ஒலியைச் சுருக்கி எழுதும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3க்கு, மணிக்கு 57.6 எம்பி. அந்தக் கணக்கு சரிதான், ஆனால் எம்பி3 என்ற ஒரு வார்த்தை பெட்டியில் எங்கேயும் இல்லை. சுருக்காத வேவில் யாரும் பாடாத நேரமும் பாடுகிற நேரத்துக்குச் சமமாக இடம் பிடிக்கும் என்பது எனக்கே தெரியும், மீதி நேரம் ஐந்துதான் என்று காட்டியிருந்தால் டீ இடைவேளையில் நிறுத்தியிருப்பேன்.

உங்கள் பதில் இன்னும் விசேஷம். கம்ப்யூட்டரில் 29.8 ஜிபி என்றுதான் காட்டுகிறது, அதனால் டூப்ளிகேட் கார்டு, எங்கள் 128 ஜிபி கார்டை வாங்குங்கள் என்கிறீர்கள். கார்டு செய்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024-ஆல் எண்ணுகிறது, 3,200 கோடி பைட்டை மூன்று முறை 1,024-ஆல் வகுத்துப் பாருங்கள், 29.8 வரும். ரெக்கார்டர் விற்கிற கம்பெனிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். அப்புறம் மீதி நேரம் காட்டும் சாஃப்ட்வேரைத் திருத்துங்கள், பெட்டியில் 500 மணிக்குப் பக்கத்தில் எம்பி3 என்று அச்சடியுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பில், பெட்டியின் படம், திரையில் 15:25 என்று தெரியும் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அந்தத் திரைப் படத்தை என் தங்கை பையன் விளையாட்டாக எடுத்தான், நல்லவேளை.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்