விறகடுப்பு வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலம் நெருங்க நெருங்க உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களில் விறகடுப்புப் படங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. கண்ணாடிக் கதவு, உள்ளே செந்தணல், பக்கத்தில் அடுக்கி வைத்த விறகு. எல்லாவற்றிலும் ‘ஈகோடிசைன்’ என்ற தரத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த அடுப்பை லண்டன் வீட்டில் விறகு போட்டு எரிக்கலாமா என்பதற்கு மட்டும் ஒன்றிலும் பதில் இல்லை. அதைக் கேட்காமல் வாங்கிய வீடு எங்களுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டிய வீடு. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. முன்னறையில் பழைய நெருப்பிடம் ஒன்று பலகை அடித்து மூடிக் கிடந்தது. 2022இல் காஸ் கட்டணமும் மின்சாரக் கட்டணமும் ஏறியபோது இவர், என் கணவர், அந்தப் பலகையைக் கழற்றினார். எங்கள் ஆக்களில் இன்னும் சிலர் அந்த வருடம் இதையே செய்தார்கள். வீடு சூடாக இருக்கவேண்டும், பில் குறையவேண்டும், அவ்வளவுதான் எங்கள் எண்ணம்.

கடையில் பேசிய இளைஞர் நல்ல மரியாதையானவர். ‘2022 ஜனவரி 1இல் இருந்து ஈகோடிசைன் இல்லாத புது அடுப்பை விற்கவே முடியாது, ஆகவே எங்களிடம் உள்ள எல்லாமே சட்டப்படி சரி’ என்றார். பெரிய அறையா என்று கேட்டார். இவர் ஓம் என்றார். 8 கிலோவாட் அடுப்பு ஒன்றைக் காட்டினார். அன்றைக்கே காசு கட்டிவிட்டோம்.

அடுப்புப் பெட்டியைத் திறக்கவில்லை. புகைக்கூட்டைப் பார்க்க, அடுப்புப் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்ற பொருத்துநர் ஒருவர் வந்தார். பெட்டியின் மேலிருந்த பெயரைப் படித்தார், கைபேசியை எடுத்தார், டெஃப்ரா என்ற அரசின் சுற்றாடல் திணைக்களத்தின் இணையப் பட்டியலைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். அதே கம்பனி, அதே அடுப்பு, பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஈ.’ என்று இரண்டு எழுத்துச் சேர்ந்த மாதிரி (மொடல்) பட்டியலில் இருந்தது. அந்த இரண்டு எழுத்து இல்லாத எங்கள் மாதிரி அதில் இல்லை. ‘இதை நான் பூட்டலாம். ஆனால் இந்தத் தெருவில் நீங்கள் இதில் விறகு எரிக்க முடியாது’ என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இங்கே இரண்டு விதி இருக்கிறது என்று. ஈகோடிசைன் என்பது விற்பனைக்கான விதி. அடுப்பில் இருந்து வரும் புகையில் ஒரு கன மீற்றருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக்கூடாது, வெப்பத் திறன் குறைந்தது 65 வீதம் இருக்கவேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. மற்றது புகைக் கட்டுப்பாட்டு வலயத்துக்கான, அதாவது புகைக்கூட்டால் புகை விடக்கூடாது என்று கவுன்சில் அறிவித்த பகுதிக்கான விதி. லண்டனின் பெரும்பகுதி இந்த வலயத்துக்குள்தான் வருகிறது. வலயத்துக்குள் விறகு எரிக்கவேண்டுமென்றால், அடுப்பின் மாதிரி டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கவேண்டும். அந்தப் பட்டியலுக்கான சோதனை மணிக்கு எத்தனை கிராம் புகை என்று பார்க்கிறது: உச்ச அளவு 5 கிராம், அதோடு ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம். 5 கிலோவாட் அடுப்பென்றால் மணிக்கு ஏறத்தாழ 6.7 கிராம். முதல் விதியில் தேறியது இரண்டாவதிலும் தேறியிருக்கும் என்று நினைக்கக்கூடாது. அடுப்புகளுக்குக் கொடுக்கும் ‘கிளியர் ஸ்கைஸ்’ என்ற தர முத்திரையைப் பார்ப்பவர்களும் அதன் படியைக் கவனிக்கவேண்டும். 2ஆம் படி ஈகோடிசைன் மட்டும். 3உம் அதற்கு மேலும் என்றால்தான் வலயத்துக்கும் ஏற்றது.

கடை இளைஞர் பொய் சொல்லவில்லை. விற்பது சட்டப்படி சரி என்றார், அது உண்மை. நாங்கள் எங்கே எரிக்கப்போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடுப்பைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் கணிசமான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அந்தத் தொகை எங்களுக்குச் சின்னக் காசு இல்லை.

பொருத்துநர் அளவைப் பற்றியும் சொன்னார். இதை எல்லோரும் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஆக்கள் எதையும் பெரிதாக வாங்கிப் பழகியவர்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 14ஆல் வகுத்துப் பார்த்தால் எத்தனை கிலோவாட் தேவை என்று ஒரு கைக்கணக்கு வரும். எங்கள் முன்னறை 35 கன மீற்றர், ஆக 2.5 கிலோவாட். பழைய சுவர், பழைய யன்னல் என்று கூட்டிக் கொடுத்தாலும் 5க்கு மேல் தேவையில்லை. 8 கிலோவாட் அடுப்பை அந்த அறையில் மூட்டினால் அரை மணியில் இருக்கமுடியாத சூடு வரும். அப்புறம் என்ன செய்வோம்? காற்று வரும் வழியை அடைப்போம். காற்றில்லாமல் விறகு எரியாது, புழுங்கும். கண்ணாடி கறுக்கும், புகைக்கூட்டில் தார் படியும், வெளியே கரும்புகை போகும். சின்ன அடுப்பு நன்றாக எரிவதுதான் வீட்டுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் காற்றுக்காகச் சுவரில் மூடமுடியாத ஒரு துவாரமும் விடவேண்டும். சூட்டுக்காக அடுப்பு வாங்கிவிட்டுக் குளிர்காற்றுக்குச் சுவரைத் திறப்பதா?

சரி, பட்டியலில் உள்ள 5 கிலோவாட் அடுப்பை வாங்கிப் பூட்டினோம். புகைக்கூட்டுக்குள் உருக்குக் குழாய் இறக்கினார்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியை அதே அறையில், அடுப்பில் இருந்து ஒரு மீற்றருக்கும் மூன்று மீற்றருக்கும் இடைப்பட்ட தூரத்தில் பொருத்தினார்கள். அது இல்லாமல் சான்றிதழ் தரமாட்டார்கள். புது அடுப்பில் காற்றுப் பிடியை எவ்வளவு தள்ளினாலும் முழுக்க மூடவில்லை. பழுது என்று நினைத்து இவர் பொருத்துநருக்குத் தொலைபேசி எடுத்தார். அது பழுது இல்லை. இரவு முழுக்கப் புழுங்கவிட்டுப் படுக்க முடியாதபடி அதில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். பல அடுப்புகளுக்கு விலக்குக் கிடைப்பதே இப்படி ஒரு தடுப்பு இருப்பதால்தான். யாராவது அதைக் கழற்றித் தருகிறேன் என்று சொன்னால் விடவேண்டாம்.

அடுப்புச் சரி. அடுத்த பிழையை நாங்களே செய்தோம், அதற்குக் கடைக்காரரைச் சொல்ல முடியாது.

மறு வருட வசந்தத்தில் இவருடைய நண்பர் வீட்டில் ஒரு சிக்கமோர் மரத்தை வெட்டினார்கள். வான் நிறைய விறகு, இலவசம். பின்வளவுக் கொட்டிலுக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டி வைத்தார். நவம்பரில் மூட்டினோம். விறகு சீறியது, நுனியில் தண்ணீர் கொதித்து வடிந்தது. வெளியே போய்ப் பார்த்தால் புகைக்கூட்டில் இருந்து வெள்ளைப் புகை எழும்பி, காற்றில்லாத அந்தக் குளிரில் தெருவிலேயே படிந்து நின்றது.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. கொடியில் காய்ந்த தலையணை உறை ஒன்றை என் கையில் தந்து மணந்து பார்க்கச் சொன்னார். வார இறுதியில் வரும் பேரப்பிள்ளைக்கு இழுப்பு, இன்ஹேலரோடுதான் வருகிறான் என்றார். எனக்கு முகம் நிமிர்த்தி நிற்கமுடியவில்லை. அடுத்த கிழமை கவுன்சிலில் இருந்து கடிதமும் வந்தது. புகைக்கூட்டில் இருந்து புகை வந்தால் 175 முதல் 300 பவுண் வரை தண்டம் விதிக்கலாம் என்றும், இது முன்னறிவித்தல் என்றும் எழுதியிருந்தார்கள். விலக்குப் பெற்ற அடுப்பு என்று நான் வாதாடப் பார்த்தேன். விலக்கு அடுப்புக்கு மட்டும் இல்லையாம். அந்த அடுப்பில், அதன் கையேட்டில் சொன்ன காய்ந்த விறகை, சொன்ன விதத்தில் எரிப்பதற்குத்தான் விலக்கு.

ஈரமானி ஒன்று வாங்கினோம், 15 பவுண். விறகின் வெளிப்பக்கத்தில் குத்தியபோது 18 காட்டியது. இவருக்குச் சந்தோஷம். கோடரியால் பிளந்து உட்பக்கத்தில் குத்தினால் 34. இருபதுக்குக் கீழே இருக்கவேண்டும். இங்கிலாந்தில் 2021 மே 1இல் இருந்து 2 கன மீற்றருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். ‘ரெடி டு பேர்ன்’ என்று பொதியில் அடித்திருக்கும். வெட்டிய மரத்தை நாமே காயவைப்பதென்றால் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விட்டு, ஒன்று இரண்டு வருடம் பொறுக்கவேண்டும். ஓக் என்றால் அதற்கும் மேலே. பூட்டிய கொட்டிலுக்குள் காயாது.

இதில் எனக்கு வேதனை என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்க முன்னம் அம்மா விறகை அடுப்படித் தாழ்வாரத்தில் அடுக்கிவிடுவார். விறகுகாலையில் வாங்கும்போது இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் எடுப்பார், தொப்பென்று கேட்டால் வைத்துவிடுவார். அப்படிப் பார்த்து எரித்த அம்மாவும் ஊதுகுழலோடு நாற்பது வருடம் புகைக்குள் குனிந்திருந்ததில் கடைசிக் காலத்தில் மூச்சு விடக் கஷ்டப்பட்டுத்தான் போனார். வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொடாத மனுஷி. அவருடைய இருமலைக் கேட்டு வளர்ந்த நான் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புகையை அனுப்பியிருக்கிறேன்.

இந்த விதிகள் கவுன்சில் காசு பிடுங்குவதற்கு என்று எங்கள் ஆக்களில் சிலர் கதைக்கிறார்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் 4,000 பேர் வரை இறந்ததாக அன்றைக்குக் கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 என்கின்றன. பெரும்பாலும் வீடுகளிலும் மின் நிலையங்களிலும் எரித்த நிலக்கரி. 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது, புகைக் கட்டுப்பாட்டு வலயங்களும் அதோடுதான் வந்தன.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விற்றி 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புது ஈகோடிசைன் அடுப்பும் காஸ் ஹீற்றிங்கைவிட 450 மடங்கு நுண்துகள் விடுகிறது. பட்டியலில் உள்ள நல்ல அடுப்பு, காய்ந்த விறகு, எல்லாம் சரியாக இருந்தாலும் அது புகைதான். ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, றேடியேற்றர் வேலை செய்கிற வீட்டில் விறகடுப்பு வேண்டாம் என்பதே. வீட்டிலோ சுவரை ஒட்டிய வீட்டிலோ இழுப்புக்காரர் இருந்தால் கட்டாயம் வேண்டாம். செலவு குறையும் என்பதும் எங்கள் அனுபவத்தில் சரிவரவில்லை. அடுப்பு, குழாய், பொருத்தும் கூலி, வருடம் ஒருமுறையாவது புகைக்கூடு துப்புரவு, பொதி பொதியாகக் காய்ந்த விறகு என்று கூட்டிப் பாருங்கள்.

அதையும் மீறி வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக உங்களிடம் இரண்டு வேண்டுகோள். விறகடுப்பு விளம்பரம் தருபவர்களிடம், அந்த மாதிரி டெஃப்ரா விலக்குப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, குளிர் தொடங்க முன்னம் இந்த விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் போடுங்கள். கவுன்சில் அனுப்பும் துண்டுப் பிரசுரங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. எங்கள் வயதுக்காரர் பலர் அவற்றைப் பிள்ளைகள் வந்து வாசித்துச் சொல்லும்வரை மேசையில் வைத்திருக்கிறோம், அதற்குள் அடுப்பு வாங்கியாகிவிடுகிறது. எங்கள் பொருத்துநர் காட்டியவற்றை நான் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன்.

அந்தச் சிக்கமோர் விறகைக் கொட்டிலில் இருந்து எடுத்துப் பிளந்து, வேலியோரம் காற்றுப்படும்படி அடுக்கியிருக்கிறோம். போன கிழமை ஒரு கட்டையைப் பிளந்து குத்திப் பார்த்தேன். 23. இன்னும் எரிக்கவில்லை.

இங்ஙனம்,
பாடசாலைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி,
வடமேற்கு லண்டன்