கொழுந்தை ஈரத்தோடு நிறுக்காதீர்கள்

தமிழ் இணையத் தொடர்கதைத் தளங்களின் ஆசிரியர் குழுக்களுக்கும், தொடர்கதைப் போட்டி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக இணையத்தில் தொடர்கதை எழுதி வருகிறேன். பகலில் வேறு வேலை. இரவு எட்டரை மணிக்கு மேல்தான் எழுத்து. உங்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஓர் அத்தியாயத்துக்குக் குறைந்தது ஆயிரம் சொல் வேண்டும் என்று வைத்திருக்கிறீர்களே, அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்காகத் தொடர் எழுதினேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கதை. எங்கள் லைனில் எந்தக் கதவைத் தட்டினாலும் கிடைக்கிற கதைதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அப்புறம் இந்த மலைக்கு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் டேன்டீ எனும் தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. பதினோராவது அத்தியாயத்தில் பாட்டி தகரப் பெட்டியைத் திறக்கிறாள். இலங்கையில் கொழுந்து எடுத்த நாளில் இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணி அடியில் மடித்தபடியே கிடக்கிறது. எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். திரும்ப மடித்து வைத்துப் பெட்டியை மூடுகிறாள். 640 சொல். நான்கு நாள் எழுதி, அடித்து, திரும்ப எழுதி அந்த அளவுக்குக் கொண்டு வந்தேன்.

தளம் ஏற்கவில்லை. இன்னும் 360 சொல் வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அன்றைக்குக் கடைசி நாள். ஆடி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. என்ன செய்வது? பெட்டி மூடின பிறகு பேத்தியும் அவள் அம்மாவும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு பக்கம் சேர்த்தேன். முன் அத்தியாயத்தில் வந்த கப்பல் பயணத்தை இன்னொரு முறை சொன்னேன். மழையை வர்ணித்தேன். 1,004 ஆனதும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "அக்கா, பெட்டியை மூடினதும் அழுதுட்டேன். அதுக்கப்புறம் எதுக்கு சாம்பார் பேச்சு?" அவருக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

மழைக்காலத்தில் இங்கே கொழுந்து நனைந்துதான் வரும். தேவாலா, பந்தலூர் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடை போடும் இடத்தில் ஈரத்துக்கென்று பைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் தினமும் வாக்குவாதம் நடக்கும். கழிக்கவே கூடாது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தண்ணீர் தூள் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். எடையை மட்டும் பார்த்தால் முற்றின இலையும் காம்பும் பையில் ஏறிவிடும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுகிற கை, கண்டபடி உருவுகிற கையைவிட எடையில் பின்தங்கும். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவர் பையில் எடை குறைந்த நாட்களில் வாங்கிய பேச்சையும் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் இந்த ஆயிரம் சொல் விதி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. சீனாவின் பெரிய இணைய நாவல் தளங்களில் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாசகரிடம் காசு வாங்கும் வழக்கம் 2003 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. இழுத்து எழுதுவதற்கு அங்கே வாசகர்கள் வைத்த பெயர் 'தண்ணீர் ஊற்றுவது'. பால் ஊற்றுகிற வீட்டில் நாம் சொல்லும் அதே குற்றச்சாட்டு.

அமேசான் 2021இல் அமெரிக்காவில் தொடங்கி 2025இல் மூடிய கிண்டில் வெல்லா என்ற தொடர்கதைத் தளத்திலும் காசு சொல்லைப் பார்த்துத்தான். நூறு சொல்லுக்கு ஒரு டோக்கன். ஆனாலும் அங்கே ஓர் அத்தியாயத்துக்குக் குறைந்தபட்சம் 600 சொல்தான். ஆங்கிலத்துக்கே 600 போதும் என்றால் தமிழுக்கு ஆயிரம் எங்கிருந்து வந்தது?

தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தமிழில் ஒரு சொல் எவ்வளவு சுமக்கிறது! 'போயிருக்கக்கூடாது' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நான்கு சொல் வேண்டும். அதே 600 ஆங்கிலச் சொல்லில் அடங்குகிற காட்சி தமிழில் இன்னும் குறைந்த சொல்லில் அடங்கிவிடும். இதைவிட மோசம், உங்கள் எண்ணிக்கை இடைவெளியை வைத்துத்தான் சொல்லைப் பிரிக்கிறது. 'அவன் வந்துகொண்டிருந்தபோது' என்று ஒழுங்காகச் சேர்த்து எழுதினால் இரண்டு. 'அவன் வந்து கொண்டு இருந்த போது' என்று உடைத்துப் போட்டால் ஐந்து. கதையில் ஒன்றுமே கூடவில்லை, எண்ணிக்கை மட்டும் இரண்டரை மடங்கு. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் சொற்களை நறுக்குவதை நான் பார்க்கிறேன். விதிதான் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது.

வாரப் பத்திரிகைகளிலும் அளவு இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. காகிதம், பக்கம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து வைத்த அளவு அது. 1854இல் ஹார்ட் டைம்ஸ் நாவலை வாரத் தவணையாக எழுதியபோது டிக்கன்ஸே இடம் போதவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார். நம்மிடம் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் எதற்கு நிரப்பச் சொல்கிறீர்கள்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. "எபி ரொம்பக் குட்டியா இருக்கு சிஸ், அடுத்த யூடி எப்போ?" என்று வாசகிகள் கேட்பது உண்மை. (எபி என்றால் அத்தியாயம், யூடி என்றால் அடுத்த பதிவு.) ஒரே காட்சியை மூன்றாக வெட்டி, மூன்று முறை காசு வாங்குகிறவர்கள் இருப்பதும் உண்மை. கதவு தட்டப்படும் இடத்தில் ஓர் அத்தியாயம், திறக்கும் இடத்தில் இன்னோர் அத்தியாயம் என்று போவதைப் படித்து நானே கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் ஆயிரம் சொல் விதி அவர்களைத் தடுக்கவில்லை. கதவைத் தட்டுவதையே ஆயிரம் சொல்லுக்கு எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். அத்தியாயம் தொடங்கும்போது இருந்த ஏதோ ஒன்று முடியும்போது மாறியிருக்க வேண்டும். ஒருத்திக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றை அவள் முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது இழந்திருக்க வேண்டும். மாறிவிட்டதா, நிறுத்து. மாறவில்லையா, இரண்டாயிரம் சொல் ஆனாலும் நிறுத்தாதே. என் வாசகிகளில் பலர் பத்து மணி டீ இடைவேளையில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மதியம் நிழலில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். சின்ன அத்தியாயம் வந்த நாளில் அவர்கள் குறைப்பட்டதை நான் அதிகம் கேட்டதில்லை. ஒன்றுமே நடக்காத அத்தியாயம் வந்த நாளில் கேட்டிருக்கிறேன்.

போட்டிக்கு அளவு வேண்டும்தான். முழுக் கதைக்கும் சேர்த்து ஓர் அளவு வையுங்கள், அதை அத்தியாயங்களாகப் பிரிப்பதை எழுதுகிறவரிடம் விடுங்கள். வாரத்துக்கு இவ்வளவு வர வேண்டும் என்று வைத்தாலும் சரி; சின்ன அத்தியாயம் வருகிற வாரத்தில் இரண்டைச் சேர்த்துப் போட்டுவிடுவோம். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள், இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல். காசு அத்தியாயத்துக்கு என்று இருக்கும் தளங்களில், வெட்டி விற்கிறார்களா என்பதை ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

பெட்டி அத்தியாயத்தைப் பழையபடி 640 சொல்லுக்குத் திருத்தி வைத்திருக்கிறேன். போட்டி முடிந்துவிட்டது, பரிசு பற்றிய பேச்சு இல்லை. சாம்பார் பேச்சை எடுத்துவிட்டு அந்த வாசகிக்கு அதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் இன்றைக்கும் அந்தச் சிவப்பு எழுத்து வருகிறது.

இப்படிக்கு,
பந்தலூரிலிருந்து உங்கள் தளங்களில் எழுதும் ஒருத்தி